பொய் சொல்லாத லேபிள்

"தொடக் கூடாது" என்றார் எஸ்.ஐ. மகாராஜா.

"தொடல சார். பாக்கேன்" என்றார் சுந்தரேஸ்வரி அக்கா.

"மூக்கு இடிக்கிற அளவுக்கா பாப்பீங்க?"

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். மூக்காலதான் பாக்கணும்."

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம், உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வெள்ளை வேன் ஒன்று, இடப்பக்கக் கதவு திறந்தபடி நின்றது. கதவுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே இருக்கிற தூணில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு கறுப்பு லேபிள். அதில் வெள்ளையாக, வண்டியின் சேஸிஸ் நம்பர் என்று பதினேழு எழுத்தும் எண்ணும். அந்தப் பதினேழும்தான் வேனின் சொந்தக்காரர் ஹுமாயூனை மூன்று நாளாக உள்ளே உட்கார வைத்திருக்கின்றன.

என்னைச் சொல்லவில்லையே. நான் யாசின். வயது நாற்பத்திரண்டு. இருபது வருஷம் கார்களுக்கு சீட் கவர் தைத்தேன். கடை படுத்துவிட்டது. இப்போது சுந்தரேஸ்வரி அக்காவுக்கு உதவியாள். அக்கா வாகன இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்து, இடித்த வண்டியையும் இடித்ததாகச் சொன்ன வண்டியையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே மாடியில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். உதவியாள் என்றால் பைக் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, வாயடிப்பது. வாயடிக்கச் சொல்லி அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவன் வெளியில் பேசத்தானே செய்வான்?

"சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்றேன். "அவியளோட ஆர்.சி. புக்குல இருக்க நம்பரும், அடியில சேஸிஸ்ல குத்தியிருக்க நம்பரும் ஒண்ணா இருக்கு. லேபிள் மட்டும்தான் வேற. ரெண்டுக்கு ஒண்ணு, ஹுமாயூன்லா ஜெயிச்சிருக்காரு?"

எஸ்.ஐ. என்னை ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சேஸிஸ் நம்பரை ராவி எடுத்துட்டு வேற குத்தலாம். புக்கையும் போலியா அடிக்கலாம். இந்த லேபிளை ஒண்ணும் செய்ய முடியாது. லேசர்ல எரிச்சு எழுதினது. உரிச்சா பொடிப்பொடியாப் போயிரும். ஒரு வண்டியில இருந்து எடுத்து இன்னொண்ணுல ஒட்ட முடியாது. அதனால லேபிள் பொய் சொல்லாது. பொய் சொல்லுதது உங்க ஆளு."

"லேபிள் என்ன சொல்லுது?"

"இந்த வேன் ஆறு வருஷம் முன்னாடி நாலுவழிச்சாலையில அடிபட்டு, இரும்புக்கடைக்குப் போனதா ரெக்கார்டு சொல்லுது. செத்த வண்டிய எடுத்துத் தட்டி ஒட்டி, போலி புக்கு போட்டு ஓட்டியிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துதேன். அதுக்குள்ள எதுவும் இருந்தா கொண்டாங்க."

உள்ளே அவர் மேசைமேல் அந்த ரெக்கார்டுத் தாள் கிடந்தது. அக்கா அதைத் தலைகீழாக ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொன்னது சுத்தப் பொய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

வாசலில் மெஹராஜ் பேகம் நின்றுகொண்டிருந்தார், ஹுமாயூனின் மனைவி. எங்களைக் கூப்பிட்டதே அவர்தான். கையில் தூக்குச்சட்டி. "மூணு நாளா சோறு கொண்டு வாரேன் அக்கா, பாதி திரும்பி வருது. எட்டு வருசமா ஒரே வண்டி. மில்லு வேலைக்குப் போற பிள்ளைகள ஏத்தி இறக்குத வண்டி. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவர் வண்டியில யாரு பொம்பளப் பிள்ளைய ஏத்தி விடுவா? அவிய வெளிய வந்தாலும் அந்தப் பேரு போகுமா?"

அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வந்து பைக்கில் ஏறினார். பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி.

"எங்க?" என்றேன்.

"லேபிள் பிறந்த வீட்டுக்கு."

*

ஊருக்கு வெளியே இருந்தது பூவனநாதனின் லேசர் பட்டறை. வேன் கம்பெனிக்காக லேபிள் அடித்துக் கொடுக்கிற இடம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். ஏ.சி. போட்ட சின்ன அறை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மிஷின். பூவனநாதன் தன் மிஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசுவார்.

"கம்ப்யூட்டர்ல நம்பரை ஏத்துவோம். லேசர் மேல இருக்க கறுப்புத் தோலை மட்டும் எரிக்கும், அடியில உள்ள வெள்ளை தெரியும். அதான் எழுத்து. மை கிடையாது, அழிக்க முடியாது. இப்பப் பாருங்க."

ஒரு லேபிளின் பின்தாளை உரித்து, தகட்டில் ஒட்டினார். அழுத்தினார். என்னிடம் ஒரு பிளேடைக் கொடுத்தார். "எடுங்க பாப்போம்."

எடுத்தேன். அப்பளம்போல் நொறுங்கி நகத்தடியில் ஏறியது. "அண்ணாச்சி, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனாக்கூட வீடு இப்படிப் பொடிப்பொடியாப் போகாது" என்றேன்.

"உனக்குத்தான் பொண்டாட்டியே இல்லையேலே" என்றார் அக்கா, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பூவனநாதனிடம் நீட்டினார். லேபிளின் வலது மூலை. முடிபோல மெல்லிய ஐந்து கோடுகள், லேசாகத் தொடங்கி ஒவ்வொன்றாக அழுத்தமாகிக்கொண்டே போயின. நான் ஸ்டேஷனில் அதைப் பார்க்கவே இல்லை.

பூவனநாதனின் முகம் சுருங்கிப் போயிற்று. "இது எப்படி வெளிய போச்சு?"

"இது என்ன, அதச் சொல்லுங்க."

"டெஸ்ட் பீஸ். காலைல மிஷின் போட்டதும் முதல்ல ஒரு லேபிள் அடிச்சுப் பாப்போம். ஓரத்துல அஞ்சு கோடு, அஞ்சு விதமான சூட்டுல. எந்தக் கோடு சுத்தமா விழுதோ அந்தச் சூட்டுல அன்னைக்கு வேலை. அந்த பீஸை அங்கனயே நறுக்கிப் போட்டுரணும்."

"டெஸ்ட்டுக்கு என்ன நம்பர் அடிப்பீங்க?"

"சைபர் சைபரா அடிக்கணும். ஆனா ஆபரேட்டர் இஷ்டம்தான். நறுக்கப்போறதை யாரு வாசிக்கா?"

"ஆபரேட்டர் யாரு?"

"யோவான் அண்ணாச்சி. அவிய அப்படிச் செய்யுத ஆளே கிடையாது மேடம். அஞ்சு வருசமா இங்கன இருக்காவ. கேட்டாத்தான் பேசுவாவ. லீவு கொடுத்தா எடுக்க மாட்டாவ. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நேரா இங்கன வந்து, பூட்டின கேட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போவாவ. வாட்ச்மேன்தான் சொல்லுவான்." பூவனநாதன் குரலை இறக்கினார். "ஆனா இப்ப மூணு நாளா ஆளு சரியில்ல. நேத்து ஒரே நம்பரை ரெண்டு தடவை அடிச்சுட்டாவ. ஒருநாளும் இப்படி ஆனதில்ல. பன்னெண்டு மணிக்கே ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாவ."

நான் அக்காவைப் பார்த்தேன். ஹுமாயூன் பிடிபட்டதும் மூன்று நாள். யோவான் அண்ணாச்சிக்கு வேலை தப்புவதும் மூன்று நாள்.

*

இடைசெவல் போகிற ரோடு. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல் காடு, வெடித்துக் கிடந்தது. எதிரே ஒரு டவுன் பஸ்ஸைத் தவிர எதுவும் வரவில்லை. இப்படிப்பட்ட ரோட்டில் பேசாமல் ஓட்ட என்னால் முடியாது.

"கேஸ் முடிஞ்சுது அக்கா. செத்த வண்டி நம்பரா பாத்து லேபிள் அடிச்சு, திருட்டுக் கும்பலுக்கு விக்காரு பெரிசு. கும்பல் மாட்டுனதும் பயம் பிடிச்சுக்கிடுச்சு."

"சரி. திருடன் புது லேபிள் ஒட்டணும்னா பழசை என்ன செய்வான்?"

"சுரண்டி எடுப்பான்."

"இங்க சுரண்டினானா?"

யோசித்தேன். தூணில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. "இல்ல. ஆனா லேபிள் தடிமனா இருந்துச்சு. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு மாதிரி..."

"தாள். பின்தாளை உரிக்காமலே ஒட்டியிருக்கு. அந்தத் தாளுக்கு அடியில ஓரத்துல பிதுங்கி நின்னுச்சே, அது என்ன நிறம்?"

"நீலமும் பச்சையுமா." சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. "ஏ அல்லா! மயில்துத்தம்!"

எங்கள் தெருவில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டாத கையே கிடையாது. மைதா மாவைக் காய்ச்சிப் பசை எடுப்போம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம். நான் எட்டாவது படிக்கும்வரை என் விரல் நுனி அந்த நிறத்தில்தான் இருந்தது.

"மோந்து பாத்தேன், புளிச்ச மைதா வாடை" என்றார் அக்கா. "உரிச்சு ஒட்டினா ஆயுசுக்கும் போகாத பசை அதுலயே இருக்கு. அதை விட்டுட்டு மைதாப் பசை வச்சு ஒருத்தன் ஒட்டுதான்னா எதுக்குலே?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல், "மைதா மலிவு" என்றேன். அக்கா முதுகில் ஒன்று போட்டார்.

*

ரோட்டோரத்தில் தனியாக ஒரு ஓட்டு வீடு. முன்னால் வேம்பு. வேம்பின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் டயர்த் தடமும் எண்ணெய் சொட்டிய கறையும். நாங்கள் பைக்கை நிறுத்தும் முன்பே பெரியவர் ரோட்டுக்கு வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் இறங்கியது.

"சத்தம் கேட்டுச்சு. வேனோன்னு பாத்தேன்" என்றார்.

"எந்த வேன் அண்ணாச்சி?"

"ஹுமாயூன் தம்பி வேன். தினமும் ஒரு மணிக்கு இங்கன வந்து நிப்பாவ. மில்லுல ஷிப்ட் விடுத வரைக்கும் நிழல்ல படுத்துக் கிடப்பாவ. ஒரு டம்ளர் நீர்மோர் குடிப்பாவ. மூணு நாளாக் காணல. உடம்புக்கு ஏதும் முடியலையோ என்னமோ." நாற்காலியைத் துடைத்து அக்காவிடம் தள்ளினார். ஏற்கெனவே துடைத்த நாற்காலிதான் அது. "போன் நம்பர் வாங்கி வைக்கணும்னு தோணவே இல்ல பாத்துக்கிடுங்க. தினமும் வந்ததால."

நாற்காலிக்கு அருகில் ஒரு டம்ளர் நீர்மோர், தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

அக்கா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "ஹுமாயூன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்காரு அண்ணாச்சி. வேன்ல வேற நம்பர் லேபிள் இருக்குன்னு பிடிச்சு வச்சிருக்காங்க. திருட்டு வண்டின்னு கேஸ். இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கோர்ட்டு."

பெரியவர் அப்படியே வேம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எஸ்.ஐ. மேசையில ரெக்கார்டைப் பாத்தேன்" அக்கா தொடர்ந்தார். "அந்த நம்பர் வண்டியோட ஓனர் பேரு ரூபஸ். தகப்பனார் பேரு யோவான்."

நான் அக்காவை முறைத்தேன். காலையிலேயே தெரிந்து வைத்துக்கொண்டு, வழியெல்லாம் என்னைக் கும்பல் கும்பல் என்று உளற விட்டிருக்கிறார்.

யோவான் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அஞ்சு வருஷத்துப் பேச்சையும் அன்றைக்கே பேசியதுபோல் இருந்தது.

"அதே வேனு. அதே வெள்ளை. முதல் நாள் வந்து இங்கன நின்னப்ப என் மவன்தான் வந்துட்டான்னு எந்திரிச்சு ஓடினேன். அவன் போனதுக்கு அப்புறம் வண்டியும் இரும்புக்கடைக்குப் போச்சு. அவன் அம்மா நேசம்மாளும் அதே வருசம் போய்ட்டா. அவன் நம்பர் மட்டும்தான் எனக்கு மிச்சம். காலைல மிஷின் போட்டதும் டெஸ்ட்டுக்கு அந்த நம்பரைத்தான் அடிப்பேன். அடிச்சு, ஒரு தடவை வாசிச்சுட்டு, நறுக்கிப் போட்டுருவேன். யாருக்கும் நட்டம் இல்லைல்லா? அவன் பிறந்தநாள் அன்னைக்கு நறுக்க முடியல. சட்டைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். மத்தியானம் தம்பி கண்ணசந்து கிடந்தாவ. கதவு திறந்து கிடந்துச்சு."

"ஒட்டிட்டீங்க."

"ரூபஸ் வண்டி ஒரு நாளாச்சும் ரோட்டுல ஓடட்டுமேன்னு நினைச்சேன். தம்பியோட லேபிளை நான் தொடல. சத்தியமாத் தொடல. அது எங்க தொழில்ல பாவம். பின்தாளை உரிச்சா ரெண்டும் ஒட்டிக்கிடும், அப்புறம் தம்பி நம்பரு நாசமாயிரும். அதனால தீப்பெட்டி ஒட்டுத மாதிரி மைதாப் பசை காய்ச்சி, தாளோட அதுமேல வச்சேன். தண்ணி பட்டா வந்துரும். மறுநாளே எடுத்துரணும்னுதான் நினைச்சேன். நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம்னு ஒண்ணரை மாசம் ஓடிப் போச்சு." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அதை எவன் வாசிக்கப் போறான்னு இருந்துட்டேன்."

வேனை ஓட்டுகிற ஹுமாயூனும் வாசிக்கவில்லை. தன் வண்டி லேபிளை எந்த ஓனர் வாசிக்கிறான்?

"இப்ப நாலு ஆகப் போகுது" என்றார் அக்கா. "நீங்க வந்து சொன்னா உங்க வேலை போயிரும். உங்க மேல கேஸும் வரலாம். வராம விட்டா அந்தத் தம்பி உள்ள போவாரு. நான் இழுத்துட்டுப் போக மாட்டேன் அண்ணாச்சி."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துணியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வந்தார். பைக்கில் மூன்று பேர். போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறோம் என்பதை மறந்து ட்ரிபிள்ஸ் போனேன்.

*

"தொடக் கூடாதுன்னு காலைலயே சொன்னேன்லா?" என்றார் எஸ்.ஐ.

"நீங்களே வீடியோ எடுங்க சார்" என்றார் அக்கா. "லேபிள் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அடியில இருக்க லேபிளையும் கேட்டுப் பாத்துருவோம்."

மணி நாலு நாற்பது. ஹுமாயூனையும் வெளியே கூட்டி வந்திருந்தார்கள். மூன்று நாள் தாடி, சட்டையில் பட்டன் ஒன்று இல்லை. யோவான் அண்ணாச்சியைப் பார்த்ததும், "நீங்க எங்க இங்கன?" என்றார். பெரியவர் தலை நிமிரவில்லை. துணியை நனைத்து லேபிளின்மேல் வைத்து உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிஷம். எல்லாரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியை எடுத்து, மூலையில் நகத்தைக் கொடுத்து நகர்த்தினார். உரித்தால் நொறுங்குகிற லேபிள், பின்தாளோடு முழுசாக வழுக்கிக்கொண்டு அவர் கைக்கு வந்தது. அடியில் நீலப் பச்சையாகப் பசை. அதைத் துடைத்ததும் இன்னொரு கறுப்பு லேபிள், ஒரு கீறல் இல்லாமல். எஸ்.ஐ. ஆர்.சி. புக்கைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். பதினேழும் பொருந்தின. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். மெஹராஜ் பேகம் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

அக்கா நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஹுமாயூனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"செத்துப்போன பிள்ளையோட நம்பரை ஒட்டிக்கிட்டா ஒண்ணரை மாசம் பொம்பளப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு அலைஞ்சேன்? ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா? மூணு நாளு என்னைத் திருடன்னு உக்கார வச்சாங்க, தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"கேட்டா நீங்க அப்புறம் வராமப் போயிருவியளோன்னு இருந்துச்சு தம்பி."

ஹுமாயூனைப் பார்த்தபடி எஸ்.ஐ. தாளை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "என்ன செய்யணும்? உங்க வண்டியில உங்களுக்குத் தெரியாம ஒட்டியிருக்காரு. புகார் குடுத்தா எழுதுதேன். உங்க இஷ்டம்."

யோவான் அண்ணாச்சி கையில் ஈர லேபிளோடு நின்றார். தப்பிக்கிற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

"புகார் வேண்டாம் சார்" என்றார் ஹுமாயூன், இன்னும் கோபம் ஆறாமல். "நாளைக்கு ஒரு மணிக்கு எப்பவும்போல வேன் அங்கன நிக்கும். திட்டவேண்டியத அங்கன வச்சுத் திட்டிக்கிடுதேன்." பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்க போன் நம்பரைச் சொல்லுங்க. இனி நான் வரலன்னா போன் போட்டுக் கேளுங்க."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மகன் வேனின் பதினேழு எழுத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

"என் நம்பரு எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். "யாரும் கேட்டதில்ல."

ஹுமாயூன் அந்தப் போனை வாங்கித் தன் நம்பரை அழுத்தினார். மெஹராஜ் பேகத்தின் பைக்குள் இருந்த ஹுமாயூனின் போன் மணி அடித்தது.